புளோயர் சுற்றவில்லையா? மோட்டாரை வாங்கும் முன் கரண்ட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

கோத்தகிரியில் ஜனவரி விடியற்காலையில் கார் எடுப்பவர்களுக்குத் தெரியும். கதவைச் சாத்தி நாலு பேர் மூச்சுவிட்ட இரண்டாவது நிமிடத்தில் முன்கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகிவிடும். அப்படி ஒரு நாள் அப்பாவைப் பரிசோதனைக்காகக் கோயம்புத்தூருக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினேன். உள்ளே காற்று ஊதும் விசிறியான புளோயரின் வேக நாபை 1-ல் வைத்தேன், காற்று இல்லை. 2-லும் 3-லும் இல்லை. 4-ல் வைத்ததும் புயல் மாதிரி அடித்தது. மேட்டுப்பாளையம் இறங்கும்வரை அந்தச் சத்தத்தோடுதான் போனோம். அப்பா காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை ஒரு பட்டறையில் காட்டினோம். "மோட்டார் போயிருச்சுங்க, மாத்திரலாங்க" என்றார்கள். மாற்றினோம். புது மோட்டாரும் 4-ல் மட்டும்தான் சுற்றியது.

ஏதாவது ஒரு வேகத்தில் முழுபலத்தோடு சுற்றும் மோட்டார் நல்ல மோட்டார். இது அன்று எனக்குத் தெரிந்திருந்தால் பழைய மோட்டாரைக் கழற்ற விட்டிருக்க மாட்டேன். புளோயர் என்பது கரண்ட் சுற்றிவரும் ஒரு பாதை. பேட்டரியில் கிளம்பும் கரண்ட் ஐந்தாறு இடங்களைக் கடந்து மறுபடியும் பேட்டரிக்கே வந்து சேர வேண்டும். எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பழுது பார்க்கும் வேலையில் பெரும்பகுதி. ஸ்குரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் இதைச் செய்யலாம்.

பழைய கார் என்று இங்கே சொல்வது மாருதி 800, அம்பாசடர், முதல் சாண்ட்ரோ காலத்து வண்டிகளை. காற்றின் வேகத்துக்குத் திருகும் நாப் இருக்கும். வேகங்கள் மூன்றோ நான்கோ, அவ்வளவுதான். உள்ளே எவ்வளவு டிகிரி வேண்டும் என்று எண்ணில் கேட்கும் புதிய கார்களில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது மின்னணுச் சுற்று. அவற்றுக்கு இந்தக் கட்டுரை முழுதாகப் பொருந்தாது.

காற்று வரும் வழி

ஹீட்டருக்கு ஒரு விசிறி, ஏசிக்கு ஒரு விசிறி என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வகைக் கார்கள் பெரும்பாலானவற்றில் இரண்டுக்கும் ஒரே விசிறிதான். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் இடத்தில் சல்லடை போல ஒரு திறப்பு உண்டு. வெளிக்காற்று அதன் வழியாக டேஷ்போர்டுக்குள் வருகிறது. அங்கே, பெரும்பாலும் இடப்பக்கம் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் மோட்டார் பொருத்தப்பட்டிருக்கும். அதன் தண்டில் வட்டமான கூண்டு போல ஒரு சக்கரம், சுற்றிலும் மெல்லிய இதழ்கள். நடுவில் காற்றை இழுத்து ஓரமாகத் தள்ளுவது அதன் வேலை. தள்ளிய காற்று ஏசியின் குளிர்ச்சுருளைத் தாண்டி, தேவைப்பட்டால் ஹீட்டர் கோர் வழியாக, நம் முகத்துக்கோ காலுக்கோ கண்ணாடிக்கோ போகிறது. ஹீட்டர் கோர் என்பது குட்டி ரேடியேட்டர். எஞ்சினைச் சுற்றிச் சூடான கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், அதற்குள் ஓடுகிறது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது: காற்று வரவில்லையா, சூடு வரவில்லையா? காற்று பலமாக வந்து சூடு மட்டும் இல்லையென்றால் புளோயரைத் தொடவே வேண்டாம். கூலண்ட் குறைந்திருக்கலாம், கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கலாம், நாபிலிருந்து போகும் கேபிள் கழன்றிருக்கலாம். காருக்குள் தித்திப்பான வாடை அடித்து, கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம் படிந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது என்று பொருள். அதைத் தள்ளிப்போடாதீர்கள், கூலண்ட் குறைந்தால் எஞ்சினுக்கே ஆபத்து.

மோட்டார் பெரிதாக இரைகிறது, ஆனால் காற்று மெதுவாக வருகிறது என்றால் அதுவும் மின்சாரப் பழுது கிடையாது. ஏசியின் குளிர்ச்சுருளிலோ காற்று வடிகட்டியிலோ குப்பை அடைத்திருக்கிறது.

வாய்க்காலும் மடையும்

இனி மின்பாதை. பேட்டரி, இக்னிஷன் சுவிட்ச், ஃபியூஸ், சில வண்டிகளில் ஒரு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), பிறகு மோட்டார், ரெசிஸ்டர், நாப் சுவிட்ச், கடைசியில் எர்த். எர்த் என்றால் காரின் இரும்பு உடம்பு. அதன் வழியாகக் கரண்ட் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்புகிறது. இந்த வரிசை காருக்குக் கார் கொஞ்சம் மாறும். சிலவற்றில் ரெசிஸ்டரும் சுவிட்சும் மோட்டாருக்கு முன்னால் இருக்கும். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பல கார்களில் அவை மோட்டாருக்குப் பின்னால், எர்த் பக்கம் இருக்கும். இந்த வித்தியாசம் சிறியதாகத் தெரிந்தாலும் வோல்ட் அளக்கும் மீட்டரை (மல்டிமீட்டர்) வைக்கும்போது ஆளைக் குழப்பிவிடும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ரெசிஸ்டர்தான் இந்தக் கதையின் மையம். வயலுக்குப் போகும் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் மூன்று மடைகள். மூன்றையும் பாதி அடைத்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் போகும். ஒன்றைத் திறந்தால் கொஞ்சம் கூடும், இரண்டைத் திறந்தால் இன்னும் கூடும். ரெசிஸ்டரில் இருப்பது அப்படி மூன்று கம்பிச்சுருள்கள். நாப் 1-ல் இருந்தால் கரண்ட் மூன்று சுருளையும் கடக்க வேண்டும். மோட்டார் மெதுவாகச் சுற்றும். 2-ல் இரண்டு சுருள், 3-ல் ஒன்று. 4-ல் வைத்தால் கரண்ட் ரெசிஸ்டர் பக்கமே போகாது, நேராகப் போகும்.

இப்போது என் காருக்கு வந்தது உங்களுக்கே புரிந்திருக்கும். 1, 2, 3 மூன்றும் செத்து 4 மட்டும் வேலை செய்தால், மோட்டார், ஃபியூஸ், எர்த் எல்லாமே நன்றாக இருக்கின்றன. மூன்று வேகங்களும் கடக்கிற, 4 மட்டும் கடக்காத ஒரே இடம் ரெசிஸ்டரும் அதன் கனெக்டரும்தான்.

ஒரேயொரு வேகம் மட்டும் இல்லையென்றால் நாப் சுவிட்சின் அந்தத் தொடுமுனை தேய்ந்திருக்கலாம், அல்லது அந்த ஒரு வயர் விட்டிருக்கலாம். மாறாக 1, 2, 3 வேலை செய்து 4 மட்டும் இல்லையென்றால் ரெசிஸ்டரை விட்டுவிட்டு 4-க்கென்று இருக்கும் பாதையைப் பாருங்கள். சில கார்களில் அதற்குத் தனி ரிலேயே உண்டு. எந்த வேகத்திலும் அசைவில்லை என்றால்தான் ஃபியூஸ், ரிலே, எர்த், மோட்டார் என்று முழுப் பாதையும் சந்தேகத்துக்கு வருகிறது. பட்டறைக்குப் போகும்முன் நான்கு வேகங்களையும் திருப்பிப் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டுக்கு அரை மணி நேர வேலையின் மதிப்பு உண்டு.

எதிலும் அசைவில்லை என்றால்

ஃபியூஸிலிருந்து தொடங்குங்கள். காரின் கையேட்டிலோ ஃபியூஸ் பெட்டியின் மூடியிலோ எது ஹீட்டருக்கு என்று போட்டிருக்கும். தட்டையான ஃபியூஸ்களில் நிறம் ஆம்பியரைச் சொல்லும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. எரிந்திருந்தால் அதே நிறத்தில் மாற்றுங்கள். மறுபடியும் எரிந்தால் பெரிய ஃபியூஸ் போடுவதோ வயரைச் சுற்றி வைப்பதோ கூடவே கூடாது. ஃபியூஸ் எரிவது ஒரு தகவல். அதன் வாயை அடைத்தால் அடுத்து எரிவது டேஷ்போர்டுக்குள் ஓடும் வயர்.

ஃபியூஸ் சரி என்றால் மோட்டாரின் கனெக்டருக்குப் போங்கள். பெரும்பாலும் இரண்டு வயர்கள்தான். இக்னிஷனை ஆன் செய்து, நாபை அதிகபட்ச வேகத்தில் வைத்து, கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கமாக மீட்டரின் ஊசிகளை நுழைத்து அந்த இரண்டு வயர்களுக்கும் இடையே அளக்க வேண்டும். 12 வோல்ட்டை ஒட்டி வருகிறது, மோட்டார் அசையவில்லை என்றால் பழுது மோட்டாரில். எதுவும் வரவில்லை என்றால் கரண்ட் வழியில் எங்கேயோ நிற்கிறது.

புதிதாக மீட்டர் பிடிப்பவர்கள் வழுக்கிவிழும் இடங்கள் இதில் இரண்டு.

முதலாவது, எர்த் பக்கம் சுவிட்ச் உள்ள கார். ஒரு ஊசியைக் காரின் உடம்பில் வைத்து, இன்னொன்றை மோட்டாரின் வயர்களில் மாற்றி மாற்றி வைத்தால், நாப் ஆஃபில் இருக்கும்போதுகூட இரண்டு வயரிலும் 12 வோல்ட் காட்டும். "ரெண்டு பக்கமும் சப்ளை இருக்கே!" என்று திகைத்துப்போவோம். திரும்பிப் போகும் வழி மூடியிருப்பதால் மோட்டாரின் இரு முனைகளும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான். வாய்க்காலின் கடைசி மடையை அடைத்தால் வாய்க்கால் முழுக்கத் தண்ணீர் நிற்கும், ஆனால் ஓடாது. அதனால்தான் உடம்பில் வைக்காமல் மோட்டாரின் இரண்டு வயர்களுக்கும் நடுவே அளக்கச் சொல்கிறேன்.

இரண்டாவது இன்னும் ஏமாற்றும். ஒரு வயருக்குள் இருபது இழைகள் இருந்து, துரு பிடித்துப் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று வையுங்கள். கனெக்டரைக் கழற்றிவிட்டு மீட்டரால் அளந்தால் அந்த ஒற்றை இழையிலும் 12 வோல்ட் வரும், ஏனென்றால் மீட்டருக்குத் தேவையான கரண்ட் மிக மிகச் சொற்பம். மோட்டாருக்கோ பல ஆம்பியர் வேண்டும். அதை இழுத்த நொடியில் வோல்ட் சரிந்துவிடும். இதைப் பிடிக்க எனக்குப் பிடித்த கருவி பழைய ஹெட்லைட் பல்பு. 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, அந்த இரண்டு வயர்களிலும் பல்பைச் சேர்த்துப் பாருங்கள். வீட்டுக் கூடத்து விளக்கு மாதிரி பளிச்சென்று எரிந்தால் பாதை நன்றாக இருக்கிறது. மஞ்சளாக மங்கினால் வழியில் எங்கோ கெட்டிருக்கிறது. பல்பு சட்டென்று சூடேறும், கண்ணாடியைத் தொட்டுவிடாதீர்கள்.

மங்கினால் எந்தப் பக்கம் கெட்டது என்பதையும் கண்டுபிடிக்கலாம். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு ஊசியைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றதைப் பல்பின் எர்த் பக்க முனையிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திரும்பும் வழி சரியில்லை: எர்த் போல்ட்டில் துரு, சுவிட்சில் கரி, கனெக்டரில் லூஸ். பிறகு பாசிட்டிவ் பக்கமும் அதே மாதிரி. பழைய கார்களில் எர்த் போல்ட்டைக் கழற்றி, கீழே இருக்கும் துருவைச் சுரண்டி, மறுபடி இறுக்கியதில் உயிர்பெற்ற புளோயர்கள் நிறைய.

மோட்டாரிலேயே பழுது என்றால்

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. நாபை அதிகபட்சத்தில் வைத்து, ஸ்குரூடிரைவரின் பிடியால் மோட்டாரின் முதுகில் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் சுற்ற ஆரம்பித்தால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இந்த மோட்டார்களில் சுற்றும் பகுதியான ஆர்மெச்சருக்குக் கரண்ட் கொண்டுபோவது இரண்டு சிறிய கரித்துண்டுகள். பின்னாலிருக்கும் ஸ்பிரிங் அவற்றைக் கம்யூட்டேட்டர் என்ற செம்புப் பட்டைகளின்மேல் அழுத்திப் பிடித்திருக்கும். வருடக்கணக்கில் உரசி, சிலேட்டுக் குச்சியின் கடைசித் துண்டு போலக் குட்டையாகிவிட்டால் ஸ்பிரிங்கால் தள்ள முடியாது. தட்டும்போது அசைந்து தொடுகிறது. கொஞ்ச நாளில் அதுவும் நின்றுவிடும். சில மோட்டார்களைப் பிரித்து பிரஷ் மட்டும் மாற்றலாம், மிக்ஸி மோட்டார் வேலை செய்யும் கடைக்காரர்கள்கூடச் செய்து தருவார்கள். தகரத்தை மடித்து மூடிய மோட்டார் என்றால் முழுதாக மாற்றுவதே நல்லது. கம்யூட்டேட்டரைச் சுத்தம் செய்ய நைஸான உப்புத்தாள் போதும். எமரித் துகள் கரண்ட் கடத்தும் என்பதால் அது வேண்டாம்.

கழற்றிய மோட்டாரைப் பேட்டரியில் நேராக வைத்துப் பார்க்கலாம். ஆனால் நடுவில் 20 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கட்டும், மோட்டாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கரண்ட் பட்டதும் கையில் துள்ளும். வயரை மாற்றி வைத்தால் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். இது தெரியாமல் புது மோட்டாரை வயர் மாற்றிப் பொருத்திவிட்டு, "புதுசு போட்டும் காத்து கம்மியா இருக்கே" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கூண்டுச் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றினாலும் காற்றைத் தள்ளும், பலம் மட்டும் குறைந்துவிடும்.

சத்தத்தையும் கேளுங்கள். டிக் டிக் என்று தாளம் போட்டால் சக்கரத்துக்குள் இலையோ பேப்பரோ. குளிர்ந்த காலையில் கீச்சென்று கத்தி, சூடேறியதும் அடங்கினால் தண்டைத் தாங்கும் புஷ் காய்ந்துவிட்டது. தண்டு நுழையும் இடத்தில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் போதும். ஸ்பிரே டப்பாவை நீட்டி அடித்தால் எண்ணெய் கம்யூட்டேட்டரில் படிந்து பிரஷ்ஷைக் கெடுத்துவிடும்.

மாற்றிய ரெசிஸ்டர் ஏன் மறுபடி எரிந்தது

மறுபடி என் காருக்கு வருகிறேன். புது மோட்டாரும் 4-ல் மட்டும் சுற்றியதும், எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். க்ளவ் பாக்ஸைக் கழற்றி, காற்றுக் கூட்டின் பக்கவாட்டிலிருந்த இரண்டு திருகாணிகளை விடுவித்து, உள்ளங்கை அளவு பலகை ஒன்றை வெளியே இழுத்தார். அதில் மூன்று கம்பிச்சுருள்கள். ஒன்று அறுந்து, தாயத்துக் கயிற்றின் நுனி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. மோட்டாருக்குக் கொடுத்ததில் சிறுபகுதிதான் புது ரெசிஸ்டருக்கு ஆனது. நான்கு வேகமும் வந்துவிட்டது.

மூன்றாவது வாரம் மறுபடியும் 4 மட்டும்.

"ரெசிஸ்டர் எதுக்குங்க காத்துப் போற வழியில வெச்சிருக்கான்? யோசிச்சுப் பாருங்க" என்றார் அவர். கேள்வியிலேயே பதில் இருந்தது. ரெசிஸ்டர் வேகத்தைக் குறைப்பது மின்சாரத்தை வெப்பமாக மாற்றித்தான். 1.5 ஓம் தடையில் 4 ஆம்பியர் ஓடினால் 24 வாட் வெப்பம் வரும். வீட்டில் வைத்திருக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். அதாவது குறைந்த வேகங்களில் டேஷ்போர்டுக்குள் ஒரு சால்டரிங் அயர்ன் எரிந்துகொண்டிருக்கிறது, புளோயரின் காற்றுதான் அதை ஆற்றுகிறது. காற்று தடைபட்டால் அது தன்னைத்தானே எரித்துக்கொள்ளும்.

இந்த முறை மோட்டாரையும் இறக்கிவிட்டுக் கூட்டுக்குள் டார்ச் அடித்தோம். ரெசிஸ்டர் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் சில்வர் ஓக் இலைகள் ஒரு கைப்பிடி அடைந்து கிடந்தன. தேயிலைத் தோட்டத்துக்கு நிழல் தரும் மரம். காரை அதன் கீழேதான் நிறுத்துகிறேன். பெரணி போலப் பிரிந்த அந்த இலைகளில் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஓரம் பழுப்பாகக் கருகியிருந்தது. பட்டறைக்காரர்கள் மோட்டாரை மாற்றினார்கள், கூட்டை யாரும் பார்க்கவில்லை.

பல ரெசிஸ்டர்களில் அளவுக்கு மீறிச் சூடானால் அறுந்துகொள்ளும் ஒரு வெப்ப ஃபியூஸ் இருப்பதும் இதற்காகத்தான். அதை ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டால் எல்லா வேகமும் திரும்ப வரும். சிலர் அப்படிச் செய்தும் தருகிறார்கள். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். கருகிய அந்த இலையை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெப்ப ஃபியூஸ் அறுந்திருக்காவிட்டால் அடுத்துப் பற்றியிருப்பது அதுதான்.

ரெசிஸ்டரையும் கனெக்டரையும் எரிக்க இன்னொரு வழியும் உண்டு: இறுகிப்போன மோட்டார். சுற்றும் மோட்டார் தனக்குள் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, வரும் கரண்டைத் தானே மட்டுப்படுத்திக்கொள்ளும். புஷ் காய்ந்தோ குப்பை சிக்கியோ அது திணறினால் அந்தத் தடுப்பு குறைந்து கரண்ட் ஏறும். கனெக்டரின் பிளாஸ்டிக் உருகிப் பழுப்பாகியிருந்தால், புது ரெசிஸ்டர் போடும்முன் சக்கரத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றி, தானாக மெதுவாக நிற்க வேண்டும். உருகிய கனெக்டரையும் மாற்றியாக வேண்டும். லூஸான கனெக்டர் முனை மறுபடி சூடேறும்.

இந்த வேலைகளைத் தொடங்கும்முன் எஞ்சின் நின்றிருக்கட்டும். எதையாவது கழற்றுவதாக இருந்தால் பேட்டரியின் நெகட்டிவை முதலில் எடுத்துவிடுங்கள். இடப்பக்க ஏர்பேக் உள்ள கார் என்றால் டேஷ்போர்டுக்குள் மஞ்சள் கனெக்டர் எதையும் தொடாதீர்கள்.

மலைப்பாதையில் நடுவழியில் புளோயர் நின்றுவிட்டால்? காற்று நெம்புகோலை வெளிக்காற்றுக்கு மாற்றி, திசையைக் கண்ணாடிக்கு வைத்து, சூட்டை முழுசாகத் திறந்துவிடுங்கள். வண்டி ஓடும் வேகத்தில் சல்லடை வழியாக வரும் காற்றே ஹீட்டர் கோரைத் தொட்டுக் கொஞ்சம் வெதுவெதுப்பாக வரும். இருபக்க ஜன்னலையும் ஒரு விரல் இறக்குங்கள். மூச்சின் ஈரம் வெளியேறும். அப்படியும் கண்ணாடி தெளியவில்லை என்றால் ஓரமாக நிறுத்தித் துடைத்துவிட்டுத்தான் அடுத்த வளைவு.

வேலை முடிந்ததும் க்ளவ் பாக்ஸை உடனே மாட்டிவிடாதீர்கள். நாபை 2-ல் வைத்து பத்து நிமிடம் ஓடவிட்டு, ரெசிஸ்டரின் கனெக்டரை வெளிப்பக்கமாகத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம். விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது: கூட்டுக்குள் மீண்டும் டார்ச் அடியுங்கள், சக்கரத்தை மீண்டும் சுற்றிப் பாருங்கள். என் காரில் இப்போது வைப்பருக்குக் கீழே இருக்கும் திறப்பின் உள்பக்கம் கொசுவலைக் கம்பி வெட்டி ஒட்டியிருக்கிறேன். மாதம் ஒருமுறை அதன்மேல் சேர்ந்த இலைகளை அள்ளிப் போடுகிறேன்.